மருந்தேற்றிய மரம் எதனால் நிலைக்கிறது, எங்கே தோற்கிறது

அமெரிக்காவின் மிசிசிப்பி மாநிலத்தில் ஹாரிசன் சோதனைக் காடு என்று ஒன்று இருக்கிறது. அந்நாட்டு வனப்பொருள் ஆய்வகம் பல பத்தாண்டுகளாக அங்கே பைன் குச்சிகளை நட்டு வருகிறது. அழுகலையும் பூச்சியையும் தடுக்கும் விதவிதமான மருந்து ஏற்றிய குச்சிகளையும் எந்த மருந்தும் ஏற்றாத குச்சிகளையும் மண்ணில் பாதி புதைய நட்டுவிட்டு, எது எப்போது ஒடிகிறது என்று பார்ப்பதுதான் சோதனை. ஈரம், வெப்பம், கரையான் மூன்றுக்கும் அங்கே குறைவில்லை. மருந்தேற்றாத குச்சிகள் சராசரியாக 1.8 முதல் 3.6 ஆண்டுகளில் ஒடிந்துபோயின. செம்பு, குரோமியம், ஆர்செனிக் மூன்றும் கலந்த சி.சி.ஏ. மருந்தைப் போதிய அளவு ஏற்றிய குச்சிகள் பல பத்தாண்டுகள் கழிந்தும் உறுதியாக நின்றன. இத்தனைக்கும் மரமும் ஒன்றுதான், மண்ணும் ஒன்றுதான்.

இதைப் படித்ததும் ‘அப்படியானால் எந்த மருந்து சிறந்தது’ என்றுதான் கேட்கத் தோன்றும். கடையில் மரம் வாங்குகிறவர்களும் அதையேதான் கேட்கிறார்கள். மருந்தின் பெயருக்கு முன்னால் கேட்க வேண்டியவை வேறு. மருந்து மரத்துக்குள் எவ்வளவு ஆழம் போயிருக்கிறது? ஒரு கன மீட்டர் மரத்தில் எத்தனை கிலோ தங்கியிருக்கிறது? மழையிலும் மண்ணிலும் கிடந்தால் அது அங்கேயே இருக்குமா, கரைந்து வெளியேறிவிடுமா? இவை தெரியாமல் மருந்தின் பெயரை மட்டும் வைத்து மரத்தின் ஆயுளைச் சொல்ல முடியாது. இவற்றோடு இன்னொரு கேள்வியும் உண்டு. அந்த ஆயுளுக்காக மரம் தன் குணங்களில் எதை இழந்திருக்கிறது?

மரத்தின் உடம்பு பெரும்பாலும் செல்லுலோஸ், ஹெமிசெல்லுலோஸ், லிக்னின் ஆகிய மூன்றால் ஆனது. பூஞ்சைக்கும் கரையானுக்கும் இதுதான் தீனி. பூஞ்சை பிடிக்கத் தீனியோடு ஈரம், காற்று, இதமான வெப்பம் மூன்றும் சேர வேண்டும். எடையில் 20 சதவீதத்துக்குக் கீழே ஈரம் இருக்கும் மரத்தில் பூஞ்சைக்கு வாழ்வில்லை. 28, 30 சதவீதத்தைத் தாண்டினால் அது தாராளமாக வளரும். எனவே மழைபடாத, தரையில் படாத, நன்றாகக் காய்ந்த மரத்துக்குப் பூஞ்சையிடமிருந்து காக்க மருந்தே வேண்டியதில்லை. கரையானும் துளைக்கும் வண்டும் வேறு கணக்கு. அவற்றுக்குக் காய்ந்த மரமும் ஆகும்.

பூஞ்சைகளில் பழுப்பு அழுகலை உண்டாக்குபவைதான் மோசமானவை. அவை செல்லுலோஸின் நீண்ட சங்கிலிகளை ஆரம்பத்திலேயே அங்கங்கே துண்டித்துவிடும். வெளியே பெரிய மாற்றம் எதுவும் தெரியாது. எடையும் பத்து சதவீதம்கூடக் குறைந்திருக்காது. அதற்குள் வலிமை பாதிக்கு மேல் போயிருக்கக்கூடும். மருந்தால் மரம் இழக்கும் வலிமையைப் பற்றிப் பின்னால் சொல்லும்போது இந்தக் கணக்கையும் மனதில் வைத்துக்கொள்ள வேண்டும்.

ஒரே மரத்தில் இரண்டு மரங்கள்

அறுத்த அடிமரத்தைப் பார்த்தால் நடுவில் கருத்த வைரக்கட்டையும் அதைச் சுற்றி வெளிறிய சாற்றுக்கட்டையும் தெரியும். மரம் தன் கழிவுச் சேர்மங்களையும் பிசின்களையும் வைரக்கட்டையில் சேர்த்துவைக்கிறது. அவற்றில் பல பூஞ்சைக்கும் பூச்சிக்கும் நஞ்சு. தேக்கின் வைரக்கட்டை நெடுங்காலம் தாங்குவது அதனால்தான். தேக்கே ஆனாலும் அதன் சாற்றுக்கட்டை சீக்கிரம் உளுத்துப்போகும். சாற்றுக்கட்டைக்குத் தானாக நிலைக்கும் மர இனம் என்று எதுவுமே இல்லை.

மருந்து ஏற்றும்போது இந்தக் கணக்கு தலைகீழாகிவிடுகிறது. உயிரோடு இருந்தபோது நீர் ஏறிய வழிகள் சாற்றுக்கட்டையில் திறந்தே கிடப்பதால் மருந்து எளிதாக உள்ளே போகிறது. வைரக்கட்டையில் அந்த வழிகள் அடைபட்டிருக்கின்றன. பல அகன்ற இலை மரங்களில் குழாய்களுக்குள் சிறு பலூன் போன்ற அடைப்புகள் வளர்ந்திருக்கும். ஊசியிலை மரங்களில் செல்லுக்குச் செல் நீர் கடக்கும் நுண்குழிகளின் மூடிகள் ஒரு பக்கமாக ஒட்டிக்கொண்டுவிடும். ஸ்ப்ரூஸ் மரத்தில் சாற்றுக்கட்டையே காயும்போது இப்படி மூடிக்கொள்வதால் அதற்கு மருந்து ஏற்றுவது பெரும்பாடு. பைனின் சாற்றுக்கட்டை முழுவதும் குடித்துவிடும். மருந்தேற்றும் தொழில் உலகெங்கும் பைனையே பெரிதும் நம்பியிருப்பதற்கு இதுவே காரணம். விலை குறைந்த, சீக்கிரம் வளர்ந்த, சாற்றுக்கட்டை மிகுந்த மரமே இந்தத் தொழிலுக்கு மிகவும் தோதான மரம்.

தூரிகையால் பூசினால் மருந்து எத்தனை தூரம் போகும்? பக்கவாட்டில் ஓரிரு மில்லிமீட்டர் போனாலே பெரிது. வெட்டுமுனையில் மட்டும் அதைவிடப் பல மடங்கு உறிஞ்சும். உறிஞ்சுகுழல்களைக் கட்டாகக் கட்டி வைத்தது போன்ற அமைப்பு அது. நீளவாக்கில்தான் வழி உண்டு. நீரும் பூஞ்சையும் நுழைவதும் அதே முனை வழியாகத்தான். ஆகவே பூசுவதற்கு நேரமோ மருந்தோ குறைவாக இருந்தால் முதலில் முனைகளை நனைய நனைய ஊறவிட வேண்டும். பலகையின் முகத்தை அழகாகப் பூசிவிட்டு முனையை விட்டுவிடுவதைத்தான் நான் அடிக்கடி பார்க்கிறேன்.

ஆழமாக ஏற்ற அழுத்தம் வேண்டும். 1838-இல் ஜான் பெத்தேல் இங்கிலாந்தில் காப்புரிமை பெற்ற முறை இன்றும் அடிப்படையில் மாறவில்லை. மரத்தை நீண்ட இரும்பு உருளைக்குள் அடைத்து, முதலில் காற்றை உறிஞ்சி வெற்றிடம் ஆக்குவார்கள். மரத்தின் செல்களுக்குள் இருந்த காற்றும் வெளியேறும். அப்படியே மருந்தை நிரப்பி, வளிமண்டலத்தைப் போலச் சுமார் பத்து மடங்கு அழுத்தம் கொடுத்தால் மருந்து செல்லறைகளை நிறைத்துவிடும். பெத்தேல் பயன்படுத்தியது நிலக்கரித் தாரிலிருந்து வடித்த கிரியோசோட்டு. ரயில் பாதையின் ஸ்லீப்பர் கட்டைகள் கறுத்து நெடியடித்தது அதனால்தான். செல்லறை நிறைய எண்ணெய் போனால் செலவும் கூடும், வெயிலில் வழியவும் செய்யும். எனவே 1902-இல் ரூப்பிங்கும் 1906-இல் லோரியும் வேறு வழி கண்டார்கள். வெற்றிடம் ஆக்காமல், செல்லறைக்குள் காற்றை வைத்துக்கொண்டே மருந்தைச் செலுத்தினால், அழுத்தத்தை விட்டதும் அந்தக் காற்றே விரிந்து உபரி எண்ணெயை வெளியே தள்ளிவிடும். செல் சுவரில் பூச்சு மட்டும் தங்கும்.

எவ்வளவு தங்க வேண்டும் என்பது மரம் எங்கே நிற்கப் போகிறது என்பதைப் பொறுத்தது. அமெரிக்கத் தரக்கணக்கில் சி.சி.ஏ. மருந்து, தரைக்கு மேலே நிற்கும் மரத்துக்குக் கன மீட்டருக்கு 4 கிலோ. மண்ணில் படும் மரத்துக்கு 6.4 கிலோ; கடல்நீரில் நிற்கும் தூணுக்கு 40 கிலோ. ஒரே மருந்து, ஒரே பைன், பத்து மடங்கு வித்தியாசம். ‘ட்ரீட்மென்ட் செய்த மரம்’ என்று விற்பவர் பொய் சொல்லாமலேயே இருக்கலாம். தரைக்கு மேலே பயன்படுத்தவென்று ஏற்றிய கட்டையை வேலிக்காலாக நட்டால் சீக்கிரம் அழுகத்தான் செய்யும்.

உள்ளே போன மருந்து அங்கேயே இருக்க வேண்டும்

செம்பு உப்பு பூஞ்சையைக் கொல்லும் என்பது 19-ஆம் நூற்றாண்டிலேயே தெரியும். நீரில் கரையும் உப்பு என்பதால் எளிதாக ஏற்றலாம். நீரில் கரையும் உப்பு என்பதாலேயே மழை அதை எளிதாகக் கழுவிக்கொண்டும் போய்விடும். நூறாண்டுக் காலச் சிக்கல் அது. 1933-இல் டேராடூன் வன ஆராய்ச்சி நிறுவனத்தில் சோன்டி காமேசன் அதை அவிழ்த்தார். செம்பையும் ஆர்செனிக்கையும் அறுமதிப்புக் குரோமியத்தோடு (ஆறு இணைதிறன் கொண்ட, நீரில் கரையும் வடிவம்) சேர்த்து நீரில் கரைத்து ஏற்றினார். மரத்தின் சர்க்கரைகளும் லிக்னினும் அந்தக் குரோமியத்தை மூன்று மதிப்புக்கு இறக்குகின்றன. கரைசலின் அமிலத்தன்மை குறைகிறது. ஆர்செனிக் குரோமியத்தோடு சேர்ந்து கரையாத பொருளாகப் படிகிறது. செம்பு மரத்தின் அமிலத் தொகுதிகளில் போய் ஒட்டிக்கொள்கிறது. நீராக நுழைந்த மருந்து மரத்தின் பகுதியாகவே ஆகிவிடுகிறது. சி.சி.ஏ. என்று உலகம் முழுவதும் பரவியது இதன் வழிவந்ததுதான். பின்னாளில் பெரிதும் பயன்பட்ட அதன் ‘சி’ வகையில் ஆக்சைடு கணக்கில் குரோமியம் 47.5, ஆர்செனிக் 34, செம்பு 18.5 சதவீதம். செம்பும் ஆர்செனிக்கும் காவல் வேலை பார்க்க, குரோமியம் பெரும்பாலும் அவற்றைப் பிடித்துவைப்பதற்காகவே சேர்க்கப்படுகிறது.

இந்தப் பிணைப்பு உருளையிலிருந்து மரம் வெளிவந்த நொடியில் முடிந்துவிடுவதில்லை. இதமான வெப்பத்தில் ஒன்றிரண்டு வாரம் ஆகலாம். கடுங்குளிரில் மாதக்கணக்கில் இழுக்கும். அதற்குள் மழையில் போட்டால் மருந்து கசிந்து மண்ணில் இறங்கும். மரமும் கெடும், மண்ணும் கெடும்.

போரான் உப்புகள் இதற்கு நேர் எதிர்த் துருவம். நிறமில்லை, நெடியில்லை, பாலூட்டிகளுக்கு நஞ்சும் குறைவு; பூஞ்சை, வண்டு, கரையான் எல்லாவற்றுக்கும் எதிராக வேலை செய்யும். அழுத்தமே இல்லாமல்கூட ஈர மரத்தில் தானாகப் பரவி, வேறு பெரும்பாலான மருந்துகள் எட்டாத வைரக்கட்டைக்குள்ளும் ஓரளவு போய்விடும். ஆனால் எதிலும் ஒட்டிக்கொள்ளாது. எந்த ஈரம் அதை உள்ளே கொண்டுபோனதோ அதே ஈரம் வெளியே கொண்டுவந்துவிடும். கூரைக்குக் கீழே இருக்கும் உத்தரத்துக்கும் கதவுச் சட்டத்துக்கும் போரானைவிட நல்ல தேர்வு எனக்குத் தெரியவில்லை. மண்ணில் நடும் கம்பத்துக்கு அது ஆகாது.

மருந்து போதிய அளவு இருந்தும் தோற்ற சம்பவங்களும் உண்டு. 1970-களில் ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில் சி.சி.ஏ. ஏற்றிய யூகலிப்டஸ் கம்பங்கள் மண்மட்டத்தில் மென் அழுகலுக்கு ஆளாயின. கம்பத்தில் மருந்தின் மொத்த அளவில் பெரிய குறை இல்லை. அகன்ற இலை மரத்தில் கரைசல் பெரிய குழாய்கள் வழியாக ஓடி அவற்றைச் சுற்றியே தங்கிவிடுகிறது. வலிமை தரும் நார்களின் தடித்த சுவருக்குள் போதுமான அளவு போய்ச் சேருவதில்லை. மென் அழுகல் பூஞ்சை குடியேறிக் குழி பறிப்பது அந்தச் சுவருக்குள்தான். கிலோக்கணக்கு சரியாக இருந்தும், நுண்ணோக்கியில் மட்டுமே தெரியும் அந்த இடைவெளியில் காவல் தவறிவிட்டது. பைனில் கிடைத்த முடிவை அப்படியே எல்லா மரத்துக்கும் பொருத்திப் பார்ப்பது தவறு என்பதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் தேவையில்லை.

மருந்தேற்றிய கட்டை ஒன்றை நடுவில் அறுத்துப் பார்த்தால் இன்னொரு விஷயமும் கண்ணுக்கே தெரியும். ஓரத்தைச் சுற்றிப் பச்சை நிறத்தில் ஒரு பட்டை. நடுவே மரத்தின் சொந்த நிறம். பாதுகாப்பு என்பது அந்தப் பட்டை மட்டுமே. அறுத்த வாளே நடுவைத் திறந்துவிட்டது. ஆணித்துளையும் அப்படித்தான். சரியாகக் காயவைக்காமல் மருந்தேற்றிய கம்பம் பிற்பாடு காயும்போது வெடித்தால், வெடிப்பு பச்சைப் பட்டையைக் கடந்து உள்ளே போகும். வெளியே கல் போல இருக்கும் கம்பம் உள்ளே கூடாகிப் போவது இப்படித்தான். அதனால் அறுப்பது, துளைப்பது எல்லாவற்றையும் மருந்தேற்றுவதற்கு முன்பே முடித்துவிட வேண்டும். வேலையிடத்தில் வெட்டியே ஆகவேண்டும் என்றால் வெட்டிய முகத்தில் காப்பர் நாப்தனேட் போன்ற மருந்தைத் தாராளமாகப் பூச வேண்டும். அந்த முனையை மண்ணுக்குள் போகாமல் மேலே வைப்பதும் நல்லது.

வலிமையில் கொடுக்கும் விலை

மருந்தேற்றினால் மரம் உறுதியாகிவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். அழுகாமல் காப்பதால் இருக்கும் வலிமை நிலைக்கும்; புதிதாக எந்த வலிமையும் வராது. சில மருந்துகள் கொஞ்சம் குறைக்கவும் செய்யும்.

கிரியோசோட்டு போன்ற எண்ணெய் மருந்துகள் செல் சுவரோடு வினைபுரிவதில்லை. அவற்றால் வலிமை குறைந்தால் பெரும்பாலும் அதற்கு முன் மரத்தை நீராவியில் வேகவைத்ததுதான் காரணம். நீரில் கரைந்த உலோக மருந்துகள் வினைபுரிகின்றன. நிலைத்து நிற்பதே அந்த வினையால்தானே. அமிலத்தன்மையும் குரோமியத்தின் ஆக்சிஜனேற்றமும் முதலில் ஹெமிசெல்லுலோஸைத் தாக்குகின்றன. செல்லுலோஸ் நூல்களை லிக்னினோடு சேர்த்துப் பிடித்திருப்பது அதுதான். விளைவு எல்லாக் குணங்களிலும் ஒரே மாதிரி இருக்காது. மெதுவாக ஏறும் பாரத்துக்கு மரம் எவ்வளவு வளைகிறது என்ற விறைப்பில் மாற்றம் அநேகமாகத் தெரியாது. ஒடிவதற்கு முன் தாங்கும் பாரம், ஏற்றிய அளவையும் உலர்த்திய விதத்தையும் பொறுத்து, துளியும் குறையாமலும் இருக்கலாம். 20 சதவீதம் வரை குறையவும் செய்யலாம். திடீர் அடியைத் தாங்கும் திறன்தான் அதிகம் அடிவாங்குகிறது. மரம் நார்நாராகப் பிளந்து ஒடிவதற்குப் பதில் மொட்டையாக முறியும் போக்கு கூடுகிறது. மண்ணில் நிற்கும் வேலிக்காலுக்கு இது பெரிய விஷயமில்லை. கன மீட்டருக்கு 40 கிலோ ஏற்றிய, அலையும் படகும் மோதும் கடல் தூணுக்கு நிச்சயமாகப் பொருட்படுத்த வேண்டிய விஷயம்.

இதில் உலர்த்தும் வெப்பத்தின் பங்கு மருந்தின் பங்குக்குக் குறைந்ததல்ல. ஈர மரமும் அமில உப்பும் சேர்ந்திருக்கும்போது சூடு ஏற ஏறச் சிதைவு வேகம் பிடிக்கும். சி.சி.ஏ. ஏற்றிய கட்டுமான மரத்தைச் சூளையில் மறுபடி உலர்த்தும்போது 74 டிகிரி செல்சியஸைத் தாண்டக் கூடாது என்று வரம்பு வைத்தது இதனால்தான்.

வெப்பமும் உப்பும் சேர்ந்தால் என்ன ஆகும் என்பதை அமெரிக்கக் கூரைகள் காட்டின. 1980-களில் அந்நாட்டின் கிழக்குப் பகுதியில், தீ பரவாதிருக்க பாஸ்பேட் போன்ற உப்புகள் ஏற்றிய ப்ளைவுட்டை வரிசை வீடுகளின் கூரைக்கடியில் பரவலாகப் பயன்படுத்தினார்கள். இந்த உப்புகளின் வேலையே, தீயின் சூட்டில் அமிலத்தை விட்டு மரத்தைச் சீக்கிரம் கரியாக்கி, எரியும் வாயு வராமல் தடுப்பது. தீயே இல்லாமல், வெயில் காய்ந்த கூரையின் சூட்டிலேயே அந்த வேலை மெல்லத் தொடங்கிவிட்டது. சில ஆண்டுகளிலேயே பலகைகள் கருத்து, நொறுங்கத் தொடங்கின. பல கூரைகளை மாற்ற வேண்டியதாயிற்று. தீத்தடுப்பு மருந்து ஏற்றிய பலகைகளை நீண்டநாள் வெப்பத்தில் வைத்துச் சோதித்த பிறகே அனுமதிக்கும் வழக்கம் அதற்குப் பின்தான் வந்தது.

மருந்து எளிதில் ஏறாத டக்லஸ் ஃபர் போன்ற மரங்களில் பரப்பு முழுவதும் சிறு பற்களால் கீறிவிட்டு ஏற்றுவார்கள். ஆழம் கிடைக்கும், நார்கள் அறுபடும். மெல்லிய சட்டங்களுக்கு அமெரிக்க வடிவமைப்புக் கணக்கில் வளைவு வலிமையை 0.8-ஆலும் விறைப்பை 0.95-ஆலும் பெருக்கிக் குறைத்துக்கொள்கிறார்கள்.

இந்த இழப்புகளைப் பார்த்து மருந்தே வேண்டாம் என்று முடிவு கட்டுவது சரியல்ல. மருந்து பறிக்கும் வலிமை எவ்வளவு என்று முன்கூட்டியே தெரியும், கணக்கில் கழித்துக்கொள்ளலாம். பழுப்பு அழுகல் எப்போது, எங்கே, எவ்வளவு எடுக்கும் என்று யாருக்கும் முன்கூட்டியே தெரியாது.

சிறிதாகத் தோன்றும் வேறு மாற்றங்களும் இருக்கின்றன. உப்பு ஏற்றிய மரத்தில் மின்தடையை அளக்கும் ஈரமானி, உண்மையைவிடக் கூடுதலாக ஈரம் காட்டும். உலோக உப்பு படிந்த பரப்பில் சில பசைகள் சரியாகப் பிடிக்காது. கிரியோசோட்டின் மேல் பெயின்ட் நிற்காது. பெரும்பாலான மருந்துகள் மரம் ஈரத்தில் உப்பிக் காய்ந்து சுருங்குவதை நிறுத்துவதில்லை. வெயிலின் புற ஊதாக்கதிர் மேற்பரப்பு லிக்னினைச் சிதைத்துச் சாம்பல் நிறமாக்குவதையும் நிறுத்துவதில்லை. குரோமியம் இருந்தால் அந்தச் சிதைவு கொஞ்சம் மெதுவாகும்.

ஆணி விஷயம் சிறிதல்ல. ஆர்செனிக்கை விட்டுவிட்டு வந்த புதிய மருந்துகளான ஏ.சி.க்யூ., காப்பர் அசோல் ஆகியவற்றில் செம்பின் பங்கு மிக அதிகம். ஈரமான மரத்தில் செம்பு அயனிகள் துத்தநாகத்தையும் இரும்பையும் அரித்துவிடும். மெல்லிய துத்தநாகப் பூச்சுள்ள ஆணி, மரம் அழுகுவதற்கு வெகுமுன்பே தேய்ந்துவிடும். பலகை புதிதாக இருக்க, அதைப் பிடித்திருந்த ஆணி மட்டும் இல்லாமல் போன மேல்தளம் விழுந்தால் ஆளுக்குத்தான் ஆபத்து. உருக்கிய துத்தநாகத்தில் முக்கியெடுத்த ஆணி, அல்லது ஸ்டெயின்லெஸ் ஸ்டீல். இதில் சிக்கனம் பார்க்கவே கூடாது. செம்பை மட்டும் நம்பவும் முடியாது. சில பழுப்பு அழுகல் பூஞ்சைகள் ஆக்சாலிக் அமிலத்தைச் சுரந்து செம்பைக் கரையாத உப்பாக மாற்றிச் செயலிழக்கச் செய்துவிடும். அதனால்தான் செம்போடு டெபுகொனசோல் போன்ற இன்னொரு பூஞ்சைக்கொல்லியைத் துணைக்குச் சேர்க்கிறார்கள்.

நஞ்சே இல்லாத வழியும் ஒன்று வளர்ந்து வருகிறது. அசெட்டிக் அன்ஹைட்ரைடை மரத்தோடு வினைபுரியவைத்தால், நீரைப் பிடித்திழுக்கும் ஹைட்ராக்சில் தொகுதிகள் அசெட்டைல் தொகுதிகளாக மாறும். மரத்தின் எடை சுமார் 20 சதவீதம் கூடும் அளவுக்கு இது நடந்தால் செல் சுவரில் பூஞ்சைக்குத் தேவையான ஈரமே சேராது. மருந்து செய்யாததையும் இது செய்கிறது: உப்புவதும் சுருங்குவதும் வெகுவாகக் குறைந்துவிடும். ரேடியாட்டா பைனை இப்படி மாற்றி ‘அக்கோயா’ என்ற பெயரில் 2007 முதல் நெதர்லாந்தின் ஆர்ன்ஹெமில் தயாரிக்கிறார்கள். விலை அதிகம், எல்லா மர இனத்திலும் ஒரே மாதிரி நடக்காது. ஆனாலும் இந்தத் துறை போக வேண்டிய திசை இதுதான் என்பது என் உறுதியான எண்ணம்.

ஏற்கெனவே மருந்தேற்றிய மரம் உலகெங்கும் மலையளவு நிற்கிறது. சி.சி.ஏ. மரத்திலிருந்து சிறிதளவு ஆர்செனிக் தொடர்ந்து வெளியேறுகிறது என்பதும், குழந்தைகள் விளையாடும் சட்டங்களில் அது கையில் ஒட்டுகிறது என்பதும் கவலையைக் கிளப்பின. 2003 இறுதியோடு அமெரிக்காவில் வீட்டுப் பயன்பாட்டு மரங்களுக்கு அதை ஏற்றுவது நின்றது. அடுத்த ஆண்டு ஐரோப்பிய ஒன்றியமும் கட்டுப்பாடு கொண்டுவந்தது. கம்பங்களுக்குப் பயன்பட்ட பென்டாகுளோரோபீனால் 2015-இல், நெடுங்காலம் அழியாத நச்சுப் பொருள்களைக் கட்டுப்படுத்தும் ஸ்டாக்ஹோம் உடன்படிக்கையின் பட்டியலில் சேர்ந்தது. நின்றுகொண்டிருக்கும் பழைய மரத்தைப் பிடுங்கி எறிய வேண்டிய அவசியமில்லை. அறுக்கும்போது முகமூடி அணிய வேண்டும், தூளைப் பெருக்கி மண்ணில் கலக்காமல் அள்ளிவிட வேண்டும். காய்கறிப் பாத்திகளுக்கு வரப்புக் கட்டையாக அதைப் போடக் கூடாது. எந்தக் காரணத்துக்காகவும் அடுப்பிலோ குளிர்காயும் நெருப்பிலோ வைக்கவே கூடாது: எரியும்போது ஆர்செனிக்கில் ஒரு பங்கு புகையோடு போகும், மிச்சம் சாம்பலில் குவியும். மரத்தில் இறுகப் பிடிபட்டிருந்த உலோகம் சாம்பலில் எளிதில் கரையும் நிலைக்கு வந்துவிடும். அந்தச் சாம்பலைத் தோட்டத்தில் கொட்டுவது, கால்நடை நக்கும் இடத்தில் விடுவது இரண்டும் உயிருக்கே ஆபத்து. வேண்டாத மரத்தைக் கழிவை வாங்கிக்கொள்ளும் முறையான இடத்தில், இன்ன மரம் என்று சொல்லித் தனியாக ஒப்படைப்பது மட்டுமே பாதுகாப்பான வழி.